அதிமதுரம்: இருமலுக்கு நாலு நாள் சரி, தினசரிப் பானமாக்கினால் ஆபத்து

தொண்டை கட்டினால் ஒரு துண்டு அதிமதுரத்தைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு சாற்றை மெல்ல விழுங்குவது பாடகர்களும் மேடைப் பேச்சாளர்களும் காலங்காலமாகச் செய்துவருவது. நாட்டு மருந்துக் கடையில் இருமலுக்கு என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தையோடு இதையும் சேர்த்தே பொட்டலம் கட்டித் தருவார்கள். சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் சளி, இருமல், வயிற்றுப்புண், வாய்ப்புண் என்று இதற்கு நிலையான இடம் உண்டு. அந்த நல்ல பெயர் நியாயமாகவே கிடைத்தது.

2020-இல் கொரோனா பரவியபோது மத்திய ஆயுஷ் அமைச்சகம் ஆய்வுக்கு எடுத்த மூலிகைகளில் யஷ்டிமது என்ற பெயரில் அதிமதுரமும் இருந்தது. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு தொடங்கிய கஷாயப் பழக்கம் பல இடங்களில் இன்றும் நிற்கவில்லை. நாலு நாள் எடுத்துவிட்டு நிறுத்த வேண்டிய சரக்கு, எதிர்ப்புச் சக்திக்கு, சர்க்கரைக்குப் பதிலாக, முகப் பொலிவுக்கு என்று தினமும் காலையில் குடிக்கும் பானமாகிவிட்டது. வேறு சில மூலிகைகளில் இப்படி நடந்தால் பெரிய கேடு ஒன்றுமில்லை. அதிமதுரத்தில் உண்டு. அது என்ன கேடு, யாருக்கு வரும், எந்த அளவில் வரும் என்பது மருத்துவ உலகில் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயம். மூலிகைகளின் பக்கவிளைவுகளில் இந்த அளவுக்குக் காரணம் துல்லியமாகத் தெரிந்தவை மிகக் குறைவு. ஆனாலும் கடையில் வாங்கும் பொடிப் பாக்கெட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

இனிப்புதான் மருந்து, அதுதான் சிக்கலும்

அதிமதுரம் நம் ஊர்ச் செடியல்ல. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடி மத்தியதரைக் கடற்கரை நாடுகளிலிருந்து மத்திய ஆசியா வரை வளர்வது. ஆப்கானிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளிலிருந்து வரும் இறக்குமதியை நம்பித்தான் இந்தியச் சந்தை இருக்கிறது. செடிக்கு மூன்று நான்கு வயதானதும் வேரையும் மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் தண்டையும் வெட்டிக் காயவைக்கிறார்கள். கடையில் நாம் வாங்கும் குச்சி அதுதான்.

அதன் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். சர்க்கரையைவிட ஏறக்குறைய 50 மடங்கு இனிப்பு. நாக்கில் மெதுவாக ஏறி நெடுநேரம் தங்கும். வேரில் இது எவ்வளவு இருக்கும் என்பது மண், செடியின் வயது, வெட்டிய பருவம் ஆகியவற்றைப் பொறுத்து 2 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை மாறும். மருந்துத் தரத்துக்குக் குறைந்தது 4 சதவீதம் வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்து நெறிநூல். எனவே போன மாதம் வாங்கிய குச்சியும் இந்த மாதம் வாங்கிய குச்சியும் ஒரே வீரியம் என்று எண்ணக்கூடாது.

கிளைசிரைசின் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துக் கிளைசிரெட்டினிக் அமிலமாக்குகின்றன. உறிஞ்சப்படுவது அந்த அமிலம். அது கல்லீரலுக்குப் போய், பித்தநீரோடு மறுபடி குடலுக்கு வந்து, மறுபடி உறிஞ்சப்படும். இந்தச் சுழற்சியால் உடலை விட்டு வெளியேற நாளாகும். தினமும் குடிப்பவருக்கு நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய அளவு சேர்கிறது.

இனி சிறுநீரகத்துக்கு வருவோம். உடலில் உப்பைத் தக்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையை ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் செய்கிறது. அது சிறுநீரகத்தில் ஓர் ஏற்பியில் போய் ஒட்டினால்தான் வேலை நடக்கும். அதே ஏற்பியில் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் அதே பலத்தோடு ஒட்டக்கூடியது. ரத்தத்தில் கார்டிசாலின் அளவு ஆல்டோஸ்டிரோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அதை விட்டுவிட்டால் ஏற்பி முழுவதையும் கார்டிசாலே பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகாமல் வாசல் காவலாளியைப் போல ஒரு நொதி அங்கே நிற்கிறது. வருகிற கார்டிசாலைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றி அனுப்புவது அதன் வேலை. கிளைசிரெட்டினிக் அமிலம் அந்த நொதியை முடக்குகிறது. கார்டிசால் உள்ளே நுழைகிறது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது, பொட்டாசியம் சிறுநீரில் போகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் இறங்குகிறது. அதிமதுரத்தால் வரும் பெரும்பாலான கேடுகள் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை.

இது தெரியவந்த கதையும் ஒரு நல்ல மருந்திலிருந்துதான் தொடங்குகிறது. 1940-களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் அதிமதுரச் சாற்றைக் கெட்டியாகக் காய்ச்சி இரைப்பைப் புண் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். புண் ஆறியது. கூடவே ஐந்தில் ஒருவருக்கு முகமும் கைகால்களும் வீங்கின, தலைவலியும் தலைசுற்றலும் வந்தன. 1946-இல் அவர் இரண்டையும் சேர்த்தே எழுதினார். இந்த வழியில் 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கார்பெனாக்சலோன் என்ற மாத்திரை வந்தது. கிளைசிரெட்டினிக் அமிலத்திலிருந்து செய்தது. அதுவும் புண்ணை ஆற்றியது, அதிலும் வீக்கமும் அழுத்தமும் பொட்டாசியக் குறைவும் வந்தன. 1970-களின் பிற்பகுதியில் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை வந்தபின் அது ஒதுங்கியது. 1968-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் இந்த நிலைக்குப் போலி ஆல்டோஸ்டிரோன் மிகைப்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். நொதி முடங்குவதுதான் காரணம் என்பது 1987-இல் நிறுவப்பட்டது.

எவ்வளவு என்றால் அதிகம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு நாளொன்றுக்கு 100 மி.கி. கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இதை நம் வீட்டுக் கரண்டிக்கு மாற்றிப் பார்க்கலாம். 4 சதவீத வேர் என்று வைத்துக்கொண்டால் 1 கிராம் பொடியில் 40 மி.கி. இருக்கும். 100 மி.கி. என்பது இரண்டரை கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி அதிமதுரப் பொடி ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது பாலிலோ தேனிலோ குழைத்துத் தினமும் ஒரு கரண்டி சாப்பிடுபவர் அந்த வரம்பின் விளிம்பில் நிற்கிறார். வேர் வீரியமானதாக 8 சதவீதம் இருந்தால், அரைக் கரண்டியிலேயே வரம்பு முடிந்துவிடும்.

இந்திய ஆயுர்வேத மருந்து நெறிநூல் சொல்லும் அளவு நாளுக்கு 2 முதல் 4 கிராம் பொடி. ஜெர்மனியில் மூலிகைகளை ஆராய்ந்த கமிஷன் ஈ குழு 5 முதல் 15 கிராம் வேர் வரை அனுமதித்தது, ஆனால் 4 முதல் 6 வாரங்களுக்கு மேல் மருத்துவ ஆலோசனையின்றி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த எண்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். மருந்தாக, நோய் தீரும்வரை, ஒருவர் கண்காணிப்பில் எடுப்பதற்கான அளவு வேறு. உணவாகத் தினமும் எடுப்பதற்கான அளவு வேறு. சூரணத்துக்கு எழுதிய 4 கிராமைத் தினசரித் தேநீருக்குப் பொருத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பிழை.

100 மி.கி. என்பதும் எல்லோருக்கும் பாதுகாப்பான கோடல்ல. 2001-இல் வெளியான ஐஸ்லாந்து ஆய்வில், தினமும் 50 கிராம் கறுப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தின்றவர்களுக்கே அழுத்தம் ஏறியது. அளவு கூடக்கூட ஏற்றமும் கூடியது, சிஸ்டாலிக் எனப்படும் மேல் அழுத்தத்தில் 3.1 முதல் 14.4 புள்ளி வரை. 2024-இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் 28 ஆரோக்கியமான இளையவர்கள் அந்த 100 மி.கி.-ஐ மட்டும் இரண்டு வாரம் எடுத்தார்கள். சராசரியாக 3.1 புள்ளி ஏறியது. இளைஞருக்கு மூன்று புள்ளி ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே 150-இல் நிற்பவருக்கு அப்படியல்ல.

கஷாயத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நாலு தம்ளர் நீரை ஒரு தம்ளராக வற்ற வைத்துவிட்டால் கொஞ்சமாகத்தானே குடிக்கிறோம் என்பது. வற்றுவது தண்ணீர் மட்டும். கிளைசிரைசின் வெந்நீரில் நன்றாகக் கரையும், கொதிப்பதால் அழிவதில்லை. போட்ட வேரில் இருந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு தம்ளரில் இருக்கிறது. அதே வேரை மறுநாளும் கொதிக்கவைத்தால் வீரியம் குறைவாக இறங்கும், அவ்வளவுதான். அளவைக் குறைக்க விரும்பினால் வேரைக் குறைக்க வேண்டும்.

அதேபோல அதிமதுரம் எந்தெந்த வழியில் உள்ளே போகிறது என்பதைக் கூட்டிப் பார்க்க வேண்டும். காலையில் மூலிகைத் தேநீர், நடுவில் தொண்டைக்கு மிட்டாய், இரவில் ஆயுர்வேத இருமல் சிரப், படுக்கும் முன் சூரணம் என்று நான்கிலும் இது இருக்கலாம். பாக்கெட்டில் யஷ்டிமது, முலேத்தி, இரட்டிமதுரம், லிகோரைஸ், கிளைசிரைசா கிளாப்ரா என்று எந்தப் பெயரில் இருந்தாலும் சரக்கு ஒன்றே. மலச்சிக்கலுக்கான பல பொடிகளில் நிலாவாரையும் அதிமதுரமும் சேர்ந்தே இருக்கும். இது பழைய பிரிட்டிஷ் மருந்து நெறிநூலிலும் இருந்த கலவை. அதில் நிலாவாரை குடல் வழியாகப் பொட்டாசியத்தை இழக்கச் செய்கிறது, அதிமதுரம் சிறுநீர் வழியாக. எப்போதோ ஒரு நாள் எடுப்பதில் குற்றமில்லை. இரவுதோறும் எடுக்கும் முதியவர்களை நினைத்தால்தான் கவலை. பொட்டாசியம் குறைந்தால் குடல் இன்னும் மந்தமாகும், மலச்சிக்கல் கூடும், பொடியின் அளவையும் அவர்கள் கூட்டுவார்கள். மலம் மெதுவாக நகர்ந்தால் பாக்டீரியாக்கள் கிளைசிரைசினை உடைக்கவும் அதிக நேரம் கிடைக்கிறது.

யார் தொடக்கூடாது?

ரத்த அழுத்தம், இதய நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீரக நோய், ஏற்கெனவே பொட்டாசியக் குறைவு உள்ளவர்கள் இதைக் குடிக்கவோ விழுங்கவோ வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக அதிமதுரம் போடலாம் என்ற யோசனை அடிக்கடி பகிரப்படுகிறது. இது மிக மோசமான யோசனை. சர்க்கரை நோயோடு ரத்த அழுத்தமும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்தே இருப்பவர்கள் ஏராளம். இனிப்புக்காக எடுப்பது என்றால் அது தினசரி, பல வேளை, வருடக் கணக்கில் என்றாகிவிடும்.

மாத்திரைகளில் முதலில் கவனிக்க வேண்டியவை நீர் மாத்திரைகள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், ஃபுரோசிமைடு, டோர்செமைடு எல்லாமே சிறுநீரில் பொட்டாசியத்தை இழக்கவைப்பவை. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் முதல் இரண்டில் ஒன்று கலந்தே இருக்கும். அட்டையின் பின்புறம் பார்த்தால் தெரியும். அடுத்தது இதய நோய்க்குக் கொடுக்கும் டிகாக்சின். பொட்டாசியம் இறங்கினால், வழக்கமாக எடுக்கும் அதே அளவு டிகாக்சினே இதயத்துக்கு நஞ்சாகிவிடும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளின் விளைவையும் அதிமதுரம் கூட்டும். ஆஸ்துமாக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சால்பூட்டமால் இன்ஹேலரை அடிக்கடி இழுக்கும்போது ரத்தத்திலுள்ள பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் நகர்ந்து ரத்தத்தில் அதன் அளவு குறையும். மூச்சிரைப்பு அதிகமான நாட்களில்தான் வீட்டார் கஷாயத்தையும் மும்முரமாகக் காய்ச்சுவார்கள்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் பழைய நூலும் புதிய ஆய்வும் எதிரெதிராக நிற்கின்றன. சுசுருத சம்ஹிதை கர்ப்பத்தின் முதல் மாதத்துக்குச் சொல்லும் மருந்துப் பாலில் அதிமதுரம் உண்டு. பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் எல்லோரும் தின்னும் பண்டம். அங்கே நடந்த தொடர் ஆய்வுகளில், கர்ப்ப காலத்தில் வாரம் 500 மி.கி.-க்கு மேல் கிளைசிரைசின் எடுத்த தாய்மார்களுக்குக் குழந்தை 38 வாரத்துக்கு முன்பே பிறப்பது கூடுதலாகக் காணப்பட்டது. 2017-இல் வந்த ஆய்வில் அவர்களின் பிள்ளைகள் 12 வயதை ஒட்டி அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தார்கள். மிட்டாய்தான் காரணம் என்று இத்தகைய ஆய்வு முற்றாக நிரூபிக்காது. ஆனால் காரணம் இருக்க வாய்ப்புண்டு. சிறுநீரகத்தில் இருக்கும் அதே நொதி நச்சுக்கொடியிலும் இருக்கிறது. தாயின் கார்டிசால் குழந்தைக்குப் போகாமல் தடுப்பது அதுவே. பின்லாந்தின் கர்ப்பிணிகளுக்கான உணவு அறிவுரையில் அதிமதுரம் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கிறது. என் கருத்தில், இந்த இடத்தில் புதிய ஆய்வின் பக்கம் நிற்பதே சரி. கர்ப்ப காலத்தில் அதிமதுரத்துக்கு மாற்றாக வேறு எத்தனையோ வழிகள் உண்டு.

கைக்குழந்தைகளுக்கான உரை மருந்துச் சரக்குகளில் இதுவும் ஒன்று. கல்லில் இரண்டு இழுப்பு இழைப்பதில் சேரும் அளவு மிகச் சொற்பம். அங்கே கல்லின் சுத்தமும், கூட இழைக்கும் வசம்பும் சாதிக்காயும்தான் முதலில் யோசிக்க வேண்டியவை. குழந்தைகளுக்குக் கஷாயமாகக் கொடுப்பதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

உடம்பு எப்படிச் சொல்லும்?

அறுபதைக் கடந்த ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் கலந்த மாத்திரை ஒன்று காலையில். அழுத்தம் 130-இல் நிற்கிறது. வறட்டு இருமலுக்காக ஒரு கரண்டி அதிமதுரப் பொடியை வெந்நீரில் போட்டுக் குடிக்க ஆரம்பிக்கிறார். இருமல் ஐந்தாம் நாள் நின்றுவிடுகிறது, பழக்கம் நிற்கவில்லை. இரண்டாம் வாரம் மோதிரம் கழற்ற முடியாமல் இறுகுகிறது, மாலையில் கணுக்காலில் செருப்பு வார் தடம் பதிகிறது. மூன்றாம் வாரம் தலைவலி, அழுத்தம் 160. நான்காம் வாரம் மாடிப்படி ஏறும்போது தொடை சோர்ந்து போகிறது, இரவில் ஆடுசதை பிடித்து இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. வயசாகிவிட்டது என்று அவரே முடிவு கட்டிக்கொள்கிறார். மருத்துவரிடம் போனால் மூலிகை பற்றி அவர் சொல்வதில்லை, ஏனென்றால் அது அவர் கணக்கில் மருந்தே அல்ல. மருத்துவரும் கேட்பதில்லை. அழுத்தம் கூடியிருக்கிறதே என்று நீர் மாத்திரையின் அளவை ஏற்றினால் பொட்டாசியம் இன்னும் கீழே போகும். நோயும் மருந்தும் ஒரே திசையில் தள்ளும் இந்த இடம்தான் மிக ஆபத்தானது.

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் இருக்க வேண்டும். 3-க்குக் கீழே தசைச் சோர்வு தெரிய ஆரம்பிக்கும். 2.5-க்குக் கீழே தசை நார்கள் சிதையலாம், இதயத் துடிப்பு தறிகெட்டுப் போகலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பை கறுப்பு அதிமதுர மிட்டாயைத் தின்று, பொட்டாசியம் சரிந்து, இதயம் நின்று இறந்தது 2020-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பு அவர் தின்றது அதிமதுரம் இல்லாத பழச்சுவை மிட்டாய். வகையை மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் தினம் 57 கிராம் கறுப்பு அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தின்றாலே துடிப்புக் கோளாறு வரலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது.

ஜப்பானில் அரசு ஏற்ற மூலிகை மருத்துவமான காம்போவில் அதிமதுரம் ஏராளமான கலவைகளில் சேர்கிறது. அங்கே நாளொன்றுக்கு 2.5 கிராம் அல்லது அதற்கு மேல் அதிமதுரம் சேரும் மருந்துகளைப் பொட்டாசியக் குறைவோ தசை நோயோ உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்தோடு வரும் விவரத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் அங்கத்திய புகழ்பெற்ற கலவையில் அதிமதுரம் அதிகம். தொடர்ந்து எடுத்தால் அதுவே தசைச் சோர்வைக் கொண்டுவரும் என்பது அந்நாட்டு மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூலிகை மருத்துவத்தை மதிக்கும் நாடு எச்சரிக்கையையும் அதே மதிப்போடு அச்சடிக்கிறது. நம் சூரண டப்பாக்களிலும் அந்த ஒரு வரி வர வேண்டும்.

பயன்படுத்துவது எப்படி?

தொண்டைக்கு இதைப் பயன்படுத்த மிகப் பாதுகாப்பான வழி கொப்பளித்துத் துப்புவது. இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு மூச்சுக்குழலில் குழாய் செருகினால் விழித்தபின் தொண்டை ரணமாக வலிக்கும். வியன்னாவில் 236 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மயக்க மருந்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அதிமதுர நீரால் ஒரு நிமிடம் கொப்பளித்தவர்களுக்கு, சர்க்கரை நீரால் கொப்பளித்தவர்களைவிட அந்த வலி பாதியாகக் குறைந்தது. அளவு அரை கிராம் அதிமதுரம், 30 மி.லி. நீர். இந்தியாவில் அதற்கு முன்பே நடந்த சிறிய ஆய்விலும் இதே அளவுதான். அரை கிராம் என்பது கரண்டியின் நுனியில் ஒட்டும் பொடி. வெதுவெதுப்பான நீரில் கலக்கி, தலையை அண்ணாந்து தொண்டை வரை படும்படி கொப்பளித்து, துப்பிவிடலாம். ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் தொண்டைக்கட்டுக்கு இந்த வழி பொருந்தும்.

இருமலுக்குக் குடிப்பதானால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு வேளைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம் வேர் போதும். பென்சில் கனமுள்ள குச்சியில் ஓர் அங்குலத் துண்டு ஏறக்குறைய ஒரு கிராம் வரும். சந்தேகமாக இருந்தால் கடையிலேயே 10 கிராம் நிறுத்து வாங்கிப் பத்தாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். துண்டைக் கழுவி, நசுக்கி, 150 மி.லி. கொதிநீரில் போட்டு மூடிவைத்துப் பத்து நிமிடத்தில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து முதல் ஏழு நாள். அதற்குள் இருமல் அடங்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வியே வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை தேவை, அது காசநோயாக இருக்கலாம். கஷாயம் தொண்டையை இதமாக்கி அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வைத்துவிடக் கூடாது.

வயிற்றெரிச்சலுக்கு நீண்ட நாள் எடுக்க விரும்புகிறவர்கள் கிளைசிரைசின் நீக்கிய அதிமதுர மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அதில் அழுத்தப் பிரச்சினை இல்லை. பலன் முழு வேரைப் போல இருக்குமா என்பதில் மட்டும் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. முகத்தில் பூசும் களிம்புகளில் வேலை செய்வது கிளாப்ரிடின் என்ற வேறு பொருள். பூசுவதால் ரத்த அழுத்தம் ஏறாது, அரிப்போ சிவப்போ வந்தால் கழுவிவிட்டு நிறுத்தினால் போதும்.

வாங்கும்போது பொடியைவிடக் குச்சி நல்லது. நல்ல குச்சி வெளியே பழுப்பாக, நீளவாக்கில் சுருக்கங்களோடு இருக்கும். ஒடித்தால் நார் நாராகப் பிரியும், உள்ளே மஞ்சள் நிறம். மென்றால் முதலில் லேசான மண் சுவை, பிறகு இனிப்பு ஏறிக்கொண்டே போகும். குன்றிமணிக் கொடியின் வேரை அதிமதுரமாக விற்பது பழைய கலப்படம். அதன் இனிப்பு மங்கலானது, உள்ளே இந்தத் தெளிவான மஞ்சளும் இராது. பொடியாகிவிட்டால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. பொடியைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் நுரைக்கும் என்பார்கள். நுரைக்கும்தான், ஆனால் சீயக்காயும் நுரைக்கும், எனவே அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

ஈரம் பட்ட குச்சியில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் ஆக்ரடாக்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. அதிமதுர வேரில் இது அடிக்கடி காணப்படுவதால், ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்று தனி வரம்பே வைத்திருக்கிறது. சாம்பல் நிறத் திட்டோ முடைநாற்றமோ இருந்தால் கழுவிப் பயனில்லை, எறிந்துவிட வேண்டும். காற்றுப்புகாத புட்டியில், அடுப்பின் நீராவி படாத இடத்தில் வைக்கலாம்.

ஏற்கெனவே வாரக்கணக்கில் குடித்துக்கொண்டிருப்பவர் இன்றே நிறுத்திவிடலாம், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முடங்கிய நொதி பழையபடி வேலை செய்ய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வீட்டில் ரத்த அழுத்தத்தைக் குறித்துவைக்க வேண்டும். வீக்கம், சோர்வு, படபடப்பு எதுவும் இருந்தால் பொட்டாசியப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் அன்றே எடுக்க வேண்டும். இளநீரும் வாழைப்பழமும் போதும் என்று வீட்டில் சமாளிக்கக் கூடாது. பொட்டாசியத்தை எவ்வளவு, எந்த வழியில் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய முடியும். தேவைப்பட்டால், சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் ஒட்டும் அந்த ஏற்பியையே அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை அவர் சேர்ப்பார். ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கியிருப்பதைப் பார்த்து அட்ரினல் சுரப்பியில் கட்டியோ என்று ரெனின், ஆல்டோஸ்டிரோன் பரிசோதனைக்கு எழுதியிருந்தால், அதிமதுரம் குடித்ததையும் நிறுத்திய தேதியையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டி என்றால் ஆல்டோஸ்டிரோன் கூடியிருக்கும், அதிமதுரம் என்றால் இரண்டுமே குறைந்திருக்கும். நிறுத்திப் பல வாரங்கள் வரைகூட அவை குறைந்தே இருக்கலாம்.